லிம்பூர்க்கைத் தாண்டிய படகு

கீசன், 25 மே 1997

ரோஸ்விதாவுக்கு,

உன் யோசனைக்குச் சம்மதிக்கிறேன். சந்தோஷத்தோடு அல்ல; மறுக்கக் காரணம் தேடித் தேடிக் களைத்துவிட்டதால்.

வழக்கறிஞரின் விவாகரத்துப் பட்டியலை நீயும் பார்த்திருப்பாய். இருபத்திரண்டு வருடக் குடித்தனம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. கேம்பர் வேன் உனக்கு. மோட்டார்சைக்கிள் எனக்கு. படகுக்கு எதிரே மட்டும் ஒரு கோடு. இரண்டாக அறுக்க முடியாது, விற்றுவிடுங்கள் என்கிறார். அந்த மனிதர் வாழ்நாளில் படகில் ஏறியிருக்க மாட்டார்.

விற்பதற்கு முன் ஒரு முறை லான் நதியின் கடைசிவரை, ரைனில் அது கலக்கும் இடம்வரை, படகைக் கொண்டுபோய்விடலாம் என்கிறாய். ஒரு கட்டம் நீ, அடுத்த கட்டம் நான். வண்டியைக் கிளம்பிய ஊரில் விட்டுவிட்டுத் துடுப்புப் போட்டுப் போவது, போன ஊரில் படகைக் கட்டிவிட்டு ரயிலில் திரும்பி வண்டியை எடுத்துக்கொள்வது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் படகில் இருக்கும் கேக் டப்பாவுக்குள் கடிதமாக வைப்பது. சரி.

என் நிபந்தனைகள் இரண்டு. நாம் எங்கேயும் சந்திக்கக் கூடாது. போன வருடம் பிப்ரவரி மூன்றாம் தேதியைப் பற்றி நீ எந்த விளக்கமும் எழுதக் கூடாது. பதினான்கு வருடம் படகோட்டிகள் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதியவன் நான். அன்று தலைவர் பதவிக்கு நின்றபோது முப்பதுக்கு முப்பத்தொன்று என்று புர்க்கார்ட் நீஸிடம் தோற்றேன். அந்த ஒரு வாக்கு யாருடையது என்று சீட்டிலிருந்த கையெழுத்தே சொன்னது. நீ வெற்றுத் தாளை மடித்துப் போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். வெற்றுச் சீட்டை நம் சங்கத்தில் யாரும் எண்ணுவதில்லை. நீயோ அவன் பெயரை முழுதாக எழுதினாய்.

முதல் கட்டம் உன்னுடையது. படகு இன்னும் சங்கக் கொட்டகையில் இருக்கிறது. அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன்.

கெர்னோட்

*

வெட்ஸ்லர், 8 ஜூன்

கெர்னோட்,

கொட்டகையிலிருந்து படகை எடுக்கும்போது புர்க்கார்ட் வந்து ஒரு முனையைத் தூக்கினான். இது உனக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதுகிறேன், பின்னால் யாராவது சொல்லித் தெரிய வேண்டாம். "கெர்னோட் எப்படி இருக்கான்?" என்று கேட்டான். "எங்கிட்ட ஏன் கேக்குற, நானே வக்கீல் மூலமாத்தான் தெரிஞ்சுக்கறேன்" என்றேன். தண்ணீர்வரை தூக்கி வந்தான்.

தனியாக உட்கார்ந்தால் படகின் மறுமுனை வானத்தைப் பார்க்கிறது என்பதை நீயும் சீக்கிரம் தெரிந்துகொள்வாய். உன் இருக்கையில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை வைத்துப் பட்டையால் கட்டினேன். படகு சமமாகிவிட்டது. கேன் நல்ல துணை. துடுப்பை இடது பக்கம் போடு, வலது பக்கம் போடு என்று சொல்லவில்லை. உனக்காக அதை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். இடத்தை மட்டும் மாற்றி வைத்துக்கொள்.

இன்று நதி ஓடியதாகவே தெரியவில்லை. வில்லோ மரங்கள்தான் மெல்ல நகர்ந்து போயின. பஞ்சுபோல ஏதோ விதை காற்றில் வந்து நீர்மேல் உட்கார்ந்து, படகோடு கூடவே மிதந்தது. ஒரு மணி நேரம் அதே விதைகள், அதே நான். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியவில்லை. டூடன்ஹோஃபன் பாலத்துக்கு அடியில் வந்தபோதுதான் கண் தெளிந்தது. பாலத்தின்மேல் ஒருவன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். கையசைத்தேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வழியில் எதிர்ப்படும் மோட்டார்சைக்கிள்காரர்களுக்கெல்லாம் இடது கையைத் தூக்கிக் காட்டும் கூட்டம் நீங்கள். எனக்கு மட்டும் ஏன் காட்டவில்லை?

நீ கேட்டதால் விளக்கம் எதுவும் எழுதவில்லை.

ரோஸ்விதா

*

ஓடர்ஸ்பாக், 22 ஜூன்

ரோஸ்விதாவுக்கு,

டூடன்ஹோஃபன் பாலத்தில் நின்றது நான் இல்லை. ஹெஸ்ஸன் மாநிலத்தில் பல்லாயிரம் மோட்டார்சைக்கிள்கள் இருக்கின்றன.

புர்க்கார்ட் படகைத் தூக்கிக் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. பிறர் பார்க்கும்போது அவன் எதையும் தூக்குவான்.

வெட்ஸ்லரிலிருந்து இரண்டு நாள். கேனை முன்னிருக்கையில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் மழை தூறிக்கொண்டே இருந்தது. நதியும் வானமும் ஒரே ஈயத் தகடாகி, எங்கே நீர் முடிகிறது என்பதே தெரியவில்லை. இரண்டாம் நாள் வைல்பூர்க் படகுச் சுரங்கம். எத்தனை முறை போயிருக்கிறோம். இருந்தாலும் தனியாகப் போவது வேறு. மலைக்குள் நுழைந்ததும் பின்னால் இருந்த ஊர், கோட்டை, மணியோசை எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிட்டன. கூரையிலிருந்து சொட்டும் நீர்த்துளிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி. மறுமுனை வெளிச்சம் ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. துடுப்பை எடுத்துவிட்டேன். படகு தானாகவே அந்தப் பொத்தானை நோக்கிப் போனது. நான் இருக்கிறேனா என்பதைச் சோதிக்க உரக்க ஒரு லத்தீன் வாக்கியம் சொன்னேன். சுவர் அதைத் தப்பில்லாமல் அப்படியே திருப்பிச் சொன்னது. முப்பது வருட வாத்தியார் வேலையில் எந்த மாணவனும் செய்யாதது.

சுரங்கத்தை அடுத்து, நீர்மட்டத்தைக் குறைத்துப் படகைக் கீழே இறக்கும் இரட்டை மதகில் சிறிது தாமதம். படகின் இடது பக்கத்தில் சின்னக் கீறல் ஒன்று விழுந்திருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

கெர்னோட்

*

ருங்கல், 6 ஜூலை

கெர்னோட்,

சின்னக் கீறலா அது? மூன்று சாண் நீளத்துக்குப் பலகை பிளந்திருக்கிறது.

ஓடர்ஸ்பாக்கில் கூடார முகாம் நடத்தும் திருமதி ஷ்டால் என்னைப் பார்த்ததும் ரொட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அந்தப் படகுக்காரர் உங்க வீட்டுக்காரரா?"

"செப்டம்பர் ஒம்பதாம் தேதிவரைக்கும்."

"அப்ப சொல்லலாம். மதகுல படகை விட்டுட்டு, கயித்த மேல இருக்குற இரும்புக் கொக்கியில இறுக்கிக் கட்டிட்டு, கைப்பிடியச் சுத்த ஆரம்பிச்சாரு. தண்ணி கீழ போகுது, படகு போகல. தொங்குது. எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கம் இருந்து கத்துறாரு, இவரு காதுல வாங்கல. அப்புறம் கத்தியால கயித்த அறுத்தாரு பாருங்க, டமால்னு. நான் முப்பது வருஷமா இங்க இருக்கேன், இத மாதிரி பாத்ததில்ல."

"பாத்திருக்க மாட்டீங்க. 'கயிற்றைக் கட்டாதே, கையில் பிடி'ன்னு எங்க சங்கத்துப் பலகையில எழுதி வெச்சதே அவருதான்."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அப்புறம் படகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், சிரிப்பு போய்விட்டது. அந்த மதகு இரண்டு பேருக்காகக் கட்டியது. ஒருவர் மேலே கைப்பிடியைச் சுழற்ற வேண்டும், ஒருவர் கீழே படகில் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். உனக்கு இரண்டே கைகள். பலகையை வேனில் இருந்த பிசின் வைத்து ஒட்டினேன். காய ஒரு நாள் காத்திருந்தேன். எனக்கும் அங்கே இருக்கப் பிடித்திருந்தது.

நேற்று பில்மாரைத் தாண்டியபின் நதியில் என்னைத் தவிர ஒரு படகும் இல்லை. தும்பிகள் துடுப்பின் நுனியில் உட்கார்ந்து சவாரி செய்தன. வெயில் நீருக்குள் இறங்கி, அடியில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. நானும் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடந்தேன்.

ருங்கல் பாலத்துக்குக் கீழே ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்தைக் கோடு போட்டு வருடம் எழுதி வைத்திருக்கிறார்கள். உன்னைத்தான் நினைத்தேன். தண்ணீர் வடிந்து எத்தனையோ காலம் ஆன பின்னும் கோட்டை அழிக்காத சுவர். கோபித்துக்கொள்ளாதே, அல்லது கோபித்துக்கொள். எப்படியும் தேதி போட்டு வைத்துக்கொள்வாய்.

ஒன்று மட்டும். விளக்கம் எழுதாதே என்றாய், எழுதவில்லை. ஆனால் பதினேழு மாதத்தில் ஒரு முறைகூட நீ "ஏன்" என்று கேட்கவில்லை. அந்தச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் எறிந்தாய், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

ரோஸ்விதா

*

பால்டுயின்ஸ்டைன், 20 ஜூலை

ரோஸ்விதாவுக்கு,

வெள்ளக் கோடு போட்ட சுவரை நானும் பார்த்தேன். கோடுகள் இருப்பதால்தான் அந்தத் தெருவில் யாரும் நிலத்தடி அறையில் சாமான் வைப்பதில்லை. இதையும் நீ யோசித்திருக்கலாம்.

பலகையை நன்றாக ஒட்டியிருக்கிறாய். ஒரு சொட்டு நீர் வரவில்லை.

லிம்பூர்க் மதகில் ஒரு சங்கடம். மதகுக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். அதே மனிதர்தான், மீசை மட்டும் வெளுத்திருக்கிறது.

"வாங்க வாங்க. எங்கடா இன்னும் காணோமேன்னு பாத்தேன். வேனு பின்னால வருதா? இங்கதான தூக்குவீங்க, எப்பவும் போல?"

"இல்ல. தண்ணிய எறக்குங்க. கீழ போறேன்."

"கீழயா?" என்று நின்றார். "அம்மா எங்க?"

"வேற கட்டத்துல வராங்க."

அவர் முன்னிருக்கையில் இருந்த கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரிங்க வாத்தியாரே, இது குடிக்கிற தண்ணிதான?" என்று கேட்டுவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினார். நான் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

மதகின் கதவு திறந்தது. அந்தக் கதவுக்கு அப்புறம் உள்ள நதியை நான் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு கோடைகளில் ஒரு முறைகூட. நாம் வருடா வருடம் இங்கே படகை வேனில் ஏற்றிக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம். ஏன் திரும்பினோம் என்று யோசித்தேன். உடனே நினைவு வரவில்லை.

அதற்குப் பின் நடந்ததைச் சரியாக எழுத வரவில்லை. காடு இரண்டு பக்கமும் நீருக்குள் இறங்கி நின்றது. லிம்பூர்க் பேராலயத்தின் ஏழு கோபுரங்களும் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மரங்களுக்குள் மறைந்தன. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதால் படகு பக்கவாட்டில் திரும்பி, குறுக்காகவே மிதந்தது, நேராக்கவில்லை. ஒரு நாரை எனக்கு முன்னால் பறந்து போய் வளைவில் நின்று காத்திருக்கும். நான் நெருங்கியதும் அடுத்த வளைவுக்குப் போகும். இப்படி ஐந்தாறு வளைவு. எனக்கு வயதே இல்லாததுபோல இருந்தது. பிற்பகலில் யாரோ பேசுவது கேட்டது. கொஞ்ச நேரம் கேட்ட பின்தான் அது என் குரல் என்று தெரிந்தது. கேனிடம் பேசிக்கொண்டிருந்தேன். நாரையைக் காட்டி, "பாத்தியா, பாத்தியா" என்று.

பாலத்தில் நின்றது நான்தான்.

தலைக்கவசத்துக்குள் கண்ணாடி மங்கிப்போய்விட்டது. அதனால் கையைத் தூக்கவில்லை.

இரண்டாவது நிபந்தனையைத் திரும்பப் பெறுகிறேன். ஏன்? ஒரு கூட்டக் குறிப்பைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாத அந்த மனிதனுக்கு ஏன்?

கெர்னோட்

*

நாசாவ், 3 ஆகஸ்ட்

கெர்னோட்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதினேன். முதலில் எழுதியது நீளம், அடுத்தது கோபம். இது மூன்றாவது.

நேற்று என்ன நாள் என்று பார். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. செயற்குழுக் கூட்டம். இருபத்திரண்டு கோடைகளும் நாம் லிம்பூர்க்கில் திரும்பியது அதற்காகத்தான். முதலில் நீ வெறும் உறுப்பினன், இளைஞன், கூட்டத்துக்குப் போகாவிட்டால் பெயர் கெட்டுவிடும். அப்புறம் குறிப்பு எழுதுபவன். நீ இல்லாமல் கூட்டமே தொடங்காது. மதகுக் கதவின் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று நான் வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்று கயிற்றை இறுக்கிக்கொண்டே சொல்வாய். அந்தக் கயிற்றை மட்டும் நீ எப்போதும் சரியாகத்தான் கட்டினாய்.

குறிப்பு எழுதுபவனுக்குச் சனிக்கிழமைகள் போயின. தலைவனுக்கு ஞாயிறும் போகும். புர்க்கார்ட் மனைவி இல்லாதவன், அவனிடம் ஞாயிறுகள் நிறைய இருந்தன. அதனால்தான் அவன் பெயரை எழுதினேன். அவன் நல்லவன் என்று அல்ல. உன்னை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தப்பு எங்கே என்றும் எனக்குத் தெரியும். இதைச் சாப்பாட்டு மேசையில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பெட்டிக்குள் போட்டேன். அது கோழைத்தனம். நீயோ, பாதுகாப்பாக வைத்திருக்கக் கொடுத்த சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாய். பதினான்கு வருடத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட இடம் மாற்றாத நீ. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. நான் நம்பிய மனிதன் அந்த இரவோடு வீட்டிலிருந்து போய்விட்டான் என்று தோன்றியது. பின்னால்தான் நானும் கிளம்பினேன்.

பால்டுயின்ஸ்டைனிலிருந்து இங்கே வரும் மூன்று நாளும் நான் ஏறக்குறையத் துடுப்பே போடவில்லை. ஓபர்ன்ஹோஃபில் செங்குத்தான சரிவில் திராட்சைத் தோட்டம். அங்கே கரையில் படுத்துக்கொண்டு ஒரு கோப்பை வெள்ளை ஒயின் குடித்தேன். மேகம் ஒன்று நீரில் விழுந்து, படகுக்கடியில் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது. உன்னிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது. கேனிடம் காட்டினேன்.

இப்போது விஷயம். உன் வழியிலேயே ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். "படகை விற்காமல், அடுத்த கோடையில் மோசல் நதியில், கேன் இல்லாமல், இருவரும் சேர்ந்து கொண்டுபோகலாமா?" இரகசிய வாக்கெடுப்பு. என் சீட்டை நான்காக மடித்து டப்பாவில் வைத்திருக்கிறேன். பசை ஒட்டவில்லை, நூல் கட்டவில்லை. உன் சீட்டையும் போடு. பதினேழாம் தேதி மதியம் லான்ஸ்டைன் மதகுக்குக் கீழே வேனோடு இருப்பேன். சேர்ந்து எண்ணலாம். சந்திக்கக் கூடாது என்ற உன் முதல் நிபந்தனை அன்று ஒரு நாளைக்குத் தள்ளுபடி.

ரோஸ்விதா

*

லான்ஸ்டைன், 18 ஆகஸ்ட் 1997

ரோஸ்விதாவுக்கு,

நீ மூன்றடி தூரத்தில் வேனுக்குள் தூங்கும்போது கடிதம் எழுதுவது அபத்தம்தான். ஆனால் எண்ணிக்கை நடந்தால் குறிப்பு இருக்க வேண்டும். பழக்கம்.

நாசாவிலிருந்து நான் கிளம்பியது பதினைந்தாம் தேதி. டப்பாவை முன்னிருக்கையில், கேனுக்கு மேல், கண்ணில் படும்படி கட்டினேன். பிறகு கண்ணில் படக் கூடாது என்று காலுக்குப் பின்னால் மாற்றினேன். என் சீட்டை முதல் நாள் காலையிலேயே எழுதி உள்ளே போட்டேன். அப்போது உன் சீட்டு விரலில் பட்டது. மெல்லிய தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும், விரிக்கக்கூட வேண்டாம்.

பாட் எம்ஸில் கரையோரம் ஊற்று நீர் குடிக்க வந்தவர்கள் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார்கள். ஒரு இசைக் குழு எங்கோ வாசித்தது. நீரின்மேல் வந்த பாதி மட்டும் எனக்குக் கிடைத்தது. அங்கே ஒரு படிக்கட்டில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ "இல்லை" என்று எழுதியிருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது என் உரிமை என்று வாதாடினேன். நல்ல வாதம். எனக்கு எப்போதுமே நல்ல வாதங்கள் கிடைத்திருக்கின்றன. பிப்ரவரி மூன்றாம் தேதி இரவிலும் இதே போன்ற ஒன்று கிடைத்தது. அறுபத்தொரு சீட்டுகளை விரித்தேன், அறுபத்தொரு பேரை ஏமாற்றினேன். இதைப் பற்றி நான் யாரிடமும் வருத்தம் தெரிவித்ததில்லை. இங்கே தெரிவிக்கிறேன்.

டப்பாவைத் திறக்கவில்லை. கேன் சாட்சி.

நேற்று மதியம். கடைசி மதகு. மேலே உன் தலை தெரிந்தது. மதகுக்காரருக்குப் பக்கத்தில் நின்று, "கயித்தக் கட்டாத, கையில புடி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாய். சுற்றி நின்ற நான்கு மோட்டார்சைக்கிள்காரர்கள் சிரித்தார்கள். நீ முடியை வெட்டியிருக்கிறாய். அதைப் பற்றி எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

கதவு திறந்தது, நீ படகில் இறங்கினாய், கேனைத் தூக்கி அதன் நீரை நதியில் கொட்டினாய். ரைன் எதிரே வந்தது. இத்தனை வாரமும் கைக்கடக்கமாக இருந்த நதி, ஒரு நீண்ட மூச்சில் கரையே இல்லாததுபோல் விரிந்தது. ஒரு சரக்குப் படகு தெருவொன்று நகர்வதுபோல் கடந்து போனது. அதன் அலை வந்து நம்மைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கியது. நீ படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாய். இருபத்திரண்டு வருடம் வரைபடத்தில் நீ விரலை ஓட்டிய இடம்.

கரையில் வந்து எண்ணினோம்.

வருகை: இருவர். பதிவான சீட்டுகள்: இரண்டு. முதலில் பிரித்தது என்னுடையது: ஆம். அடுத்தது உன்னுடையது. விரித்தேன். திருப்பினேன். மறுபக்கமும் பார்த்தேன்.

"வெறும் தாளா?"

"ஆமா."

"எழுத மறந்துட்டியா?"

"இல்ல. என்ன எழுதறதுன்னு எனக்கே தெரியல. நீ தெறந்து பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"பாக்கலியே."

"தெரியுது. பாத்திருந்தா எம்ஸ்லேருந்தே சண்டைக்கு ஓடி வந்திருப்ப, 'வெறும் தாள வெச்சு என்ன முட்டாளாக்கப் பாக்குறியா'ன்னு. உன் மூஞ்சில அது இல்ல. வந்ததும் மதகுல உன் மூஞ்சியத்தான் பாத்தேன்."

அதன் பிறகு நீ வேனில் போய் வெங்காயம் நறுக்கினாய். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே முடிவு, சங்க விதிகளின்படி: வெற்றுச் சீட்டு எண்ணிக்கையில் சேராது. செல்லுபடியான வாக்கு ஒன்று. ஆம்: ஒன்று. இல்லை: எதுவும் இல்லை. தீர்மானம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. என் வாழ்க்கையில் ஒரு வாக்கில் நான் வென்றது இதுவே முதல் முறை. அதையும் நானே போட்டுக்கொண்டேன். உறுப்பினர் எவரேனும் இந்த முடிவை ஏற்காவிட்டால் இந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். வழக்கறிஞரின் தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

புர்க்கார்ட் நீஸைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்பதும் குறிப்பில் சேர்க்கப்படுகிறது.

இரண்டாவது கையெழுத்து இல்லாமல் எந்தக் குறிப்பும் செல்லாது. கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சில் டப்பாவுக்குள் இருக்கிறது. நான் ரொட்டி வாங்கப் போகிறேன், மோட்டார்சைக்கிள் நாசாவில் நிற்கிறது, நடந்து, மெதுவாகத்தான் வருவேன்.

குறிப்பு எழுதியவர்: கெர்னோட்

படித்தேன். ஒரு திருத்தம். வாக்குகள், ஆம்: இரண்டு.

ரோஸ்விதா